உவர்நீரை நன்னீராக்கும் சவ்வுகளும் அவற்றின் அடைப்பும்

சென்னைக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் பக்கிங்ஹாம் கால்வாயுமாக இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த குறுகிய மணற்பாங்கில் பாலவாக்கம் என்னும் ஊர் இருக்கின்றது. 2011-ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்படும் வரையில் அது தனி ஊராட்சியாக இருந்தது. இத்தகைய கடற்கரை மணலிற் பெய்யும் மழை நேரே கீழிறங்கி, கனத்த உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு நன்னீர்ப் படலமாகத் தங்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம் வரையில் நன்னீர் இருக்குமென்பது நீரியலார் கண்ட கணக்கு. அக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும். மேலே ஓரடி நீரை இறைத்துக் குறைத்தவன் கீழே நாற்பதடி உவரை வரவழைத்தவனாகிறான். கட்டடங்களும் ஆழ்குழாய்க் கிணறுகளும் லாரிகளில் நீர் விற்போரும் பெருகிய காலத்தில் இக்கடற்கரை நெடுகிலும் நேர்ந்தது இதுவே. 1987-ஆம் வருஷத்தில் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென்று நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டமொன்று இயற்றப்பட்டும், ஏறிய உவர் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆகவேதான் இப்பக்கத்துக் குடியிருப்புகளில், 'ஆர்.ஓ.' என்று யாவரும் சொல்லும், சவ்வின் வழியாக நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரங்கள் சர்வ சாதாரணமாகிவிட்டன.

சில மாதங்களுக்கு முன் அவ்வூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், வாங்கி ஓராண்டும் நிறையாத இயந்திரமொன்றின் சவ்வுக் குழல் பழுதென்று கழற்றி மூலையிற் போடப்பட்டிருந்ததைக் காண நேர்ந்தது. உப்பு அதிகமாகையால் சவ்வை உப்பு தின்றுவிட்டது என்று குடியிருப்போர் சொன்னார்கள். அக்குழலை நீளவாக்கில் அறுத்து, சுருட்டிய பாயை விரிப்பதுபோல விரித்துப் பார்த்தோம். உள்ளே உப்புப் பொருக்கு ஒரு கடுகளவும் இல்லை. நீர் நுழையும் முகப்பில், வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் ஒட்டுவது போன்ற கொழகொழப்பான வழும்பு படர்ந்திருந்தது. அதனோடு கலந்து மெல்லிய செங்காவி நிறத் துருவும் இருந்தது. சவ்வை முடித்தவை இவ்விரண்டும்தான். உப்புக்கு அதில் பங்கில்லை.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்கதியை விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். கடலோர ஜில்லாக்களிலும், உள்நாட்டிற் கிணறுகள் உவர்ப்பேறிய பிர்க்காக்களிலும் இதே இயந்திரத்தை ஊராட்சிகள் குடிநீருக்காக வாங்கி வைக்கின்றன. நிலச்சுவான்தார்களிற் சிலர் நாற்றங்காலுக்கும் பசுமைக் குடிலுக்கும் மாட்டுத் தொழுவத்திற்குமாகத் தாமே வாங்குகின்றனர். திறப்பு விழாவன்று ஓடிய இயந்திரம் மறு வருஷம் பூட்டிக் கிடப்பதை ஒரு கிராமத்தில் மட்டும் நான் பார்க்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் குடத்தோடு வந்து நின்று திரும்பும் பெண்களுக்கு, அதற்குச் செலவான பணம் யாருடைய நிதியிலிருந்து வந்தது என்பதைப்பற்றி யாதொரு அக்கறையுமில்லை, நமக்கு உண்டு. என் அபிப்பிராயம் யாதெனில், இயந்திரத்திற்கென ஒதுக்கும் பணத்தில், சவ்வுக்கு முன்னே நிற்கும் வடிகட்டிகளுக்கும், அவற்றை நாள்தோறும் கவனிக்கும் ஓர் ஆளுக்கும் முதற்பங்கு எடுத்து வைக்க மனமில்லாத ஊர், அந்த இயந்திரத்தை வாங்காமலிருப்பதே நலம்.

சவ்வு என்பது இன்னதென்று சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் வருஷத்தை ஒட்டி, கலிபோர்னியா சர்வகலாசாலையில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிற் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து, உப்பைத் தடுத்து நீரைத் தாராளமாக விடும் செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைச் செய்தனர். 1965-இல் அம்மாகாணத்துக் கோலிங்கா என்னும் சிற்றூரில் அதைக்கொண்டு ஊர்க் கிணற்று உவர்நீரைக் குடிநீராக்கினர். இப்போது வழக்கிலிருப்பது, பின்னர் வந்த பாலிஅமைடு சவ்வு. உப்பைத் தடுக்கும் அதன் மேலடுக்கு ஒரு மைக்ரானின் ஒரு சிறு பின்னமே கனமுள்ளது. ஒரு மைக்ரானாவது மில்லி மீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரை அதன் வழியே தள்ள, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 55 முதல் 70 மடங்கு அழுத்தம் வேண்டும். கிணற்று உவர்நீருக்கு அதிற் சிறு பங்கே போதும். உள்ளே வரும் நீர் முழுவதும் சவ்வை ஊடுருவுவதில்லை. ஒரு பகுதி நன்னீராக ஊடுருவ, மிஞ்சிய பகுதி தான் விட்ட உப்பையும் சுமந்துகொண்டு சவ்வின் மேலாக ஓடி வெளியேறுகிறது. வாய்க்காலில் ஓட்டம் உள்ளவரை வண்டல் தங்காதது போல, இந்த மேலோட்டம் உள்ளவரையில்தான் சவ்வின் முகம் சுத்தமாயிருக்கும்.

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்பவர்களுக்கு அடைப்பு என்பது புதிய விஷயமன்று. மணல் வடிகட்டியை வாரந்தோறும் பேக்வாஷ் செய்யாதவனுடைய தோட்டத்தில், கடைசி வரிசைத் தென்னை முதலில் வாடும். சொட்டுவான்களில் சுண்ணாம்பு பூத்தால் அமிலம் விட்டுக் கரைப்பதும், பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் கரைசல் விடுவதும் அவர்கள் கைக்கண்ட முறைகள். இந்த அநுபவத்திற் பாதி சவ்வுக்கும் பொருந்தும்; மறுபாதி சவ்வைக் கொன்றுவிடும். அதாவது, பாலிஅமைடுச் சவ்வுக்குக் குளோரின் விஷம். அது சவ்வை அடைப்பதில்லை, அரித்துவிடும். அரித்த சவ்வில் நீர் முன்னைவிட அதிகமாக வரும், கூடவே உப்பும் வரும். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டியிற் பிளீச்சிங் பவுடர் போடுவது கடமை. அத்தொட்டியிலிருந்து நேரே குழாய் இழுத்து ஆர்.ஓ. இயந்திரத்திற்கு இணைப்பது பெரும்பிழை. இடையே கரி வடிகட்டியாவது சோடியம் பைசல்பைட் சேர்ப்பாவது இருக்கவேண்டும். கரி வடிகட்டியிலும் ஒரு சங்கடம் உண்டு. குளோரினைக் கரி தின்றுவிடுவதால், அதற்கப்பால் நுண்ணுயிர்களுக்குக் காவலில்லை. நெடுநாள் மாற்றாத கரி, அவை குடும்பம் பெருக்கும் கூடாகிவிடும். ஆதலின் கரியை அடிக்கடி பேக்வாஷ் செய்வதும், காலத்தில் மாற்றுவதும் அவசியம்.

இயந்திரம் விற்போர், சவ்வுக்கு முன் ஐந்து மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஒன்று வைத்திருக்கிறோம், அதுவே போதும் என்பர். நம் நிலத்துக் களிமண்ணின் துகள் இரண்டு மைக்ரானுக்கும் குறைந்தது. பாக்டீரியா ஏறக்குறைய ஒரு மைக்ரான். இவை அந்தக் கார்ட்ரிட்ஜில் எவ்வாறு நிற்கும்? கல்லும் மணலும் நுழையாமற் காப்பதே அதன் வேலை. நம் பாட்டிமார் கலங்கல் நீர்க் குடத்தின் உட்புறத்திற் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தது, இந்த நுண்ணிய களியை ஒன்றோடொன்று சேர்த்துக் கனக்கச் செய்து அடியில் தங்க வைப்பதற்கே. படிகாரமும் அதையே செய்யும். எனினும், படிகாரத்தை அளவு மீறி இட்டாலும், நீரின் காரத்தன்மை பாராமல் இட்டாலும், அதிலுள்ள அலுமினியம் கரைந்தபடியே வடிகட்டியைத் தாண்டிச் சென்று சவ்வின் மேற் படியும். மருந்தே நோயாகும் இடம் இது. தெளிய வைத்து, மணலில் வடித்து, அதன் பின்பே கார்ட்ரிட்ஜுக்கு விடுதல் வேண்டும்.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்புச் சத்துள்ள ஆழ்குழாய் நீர், இறைத்தவுடன் பளிங்கு போலத் தெளிந்திருக்கும். குடத்தில் அரைநாள் வைத்தால் செங்காவியாகும். தெளிவாயிருக்கிறதென்று நேரே சவ்வுக்கு அனுப்பினால், குடத்தில் நடக்கவேண்டியது சவ்வின் மீது நடக்கும். நீரைப் படிகளின் மேல் விழச்செய்து காற்றோடு கலக்கவிட்டு, இரும்பு துருவாக மாறிய பிறகு மணலில் வடிப்பது மலிவான பரிகாரம்.

இனி வழும்பு. அடைப்புகள் யாவற்றிலும் பொல்லாதது இதுவே. ஏனெனில் மற்றவை வந்த அளவே இருக்கும், இது வளரும். நுண்ணுயிர்களில் ஆயிரத்துக்கு 999-ஐக் கொன்றுவிட்டாலும், தப்பிய ஒன்று சவ்வில் ஒட்டிக்கொண்டு, நீரோடு வரும் ஆகாரத்தைத் தின்று, சில நாட்களில் தன் இனத்தை நிரப்பிவிடும். தன்னைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்வதால், மேலோட்டம் அதை அடித்துச் செல்வதுமில்லை. ஆகையால் கொல்வதைவிட ஆகாரத்தைக் குறைப்பதே சரியான உபாயம். கிணற்றின் அருகே எருக்குழியும் சாக்கடையும் இருக்கையில் எந்த மருந்தும் பலிக்காது. சுண்ணாம்புப் பொருக்கு கட்டாமலிருக்கச் சேர்க்கும் மருந்துகளில் பாஸ்பேட் கலந்தவை சில உண்டு. அவை வழும்புக்கு உரமாகி, ஒரு வியாதியைத் தடுத்து மற்றொன்றை வளர்க்கும். பயிருக்கு உரமிடுவோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வழும்பே வேறோரிடத்தில் நமக்கு நண்பன் என்பதையும் சொல்லவேண்டும். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914-ஆம் வருஷத்தில் அமைந்த நீர் நிலையம், மெல்ல வடியும் மணற்படுகைகளால் நீரைச் சுத்தி செய்தது. அத்தகைய படுகையில் மணலின் மேற்புறத்திற் படரும் உயிர்ப்படலமே வடிகட்டும் வேலையிற் பெரும்பகுதியைச் செய்கிறது. படலம் தடித்து நீர் இறங்குவது நின்றதும், மேல் மணலைச் சுமார் ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் நீர் விடுவார்கள். மணலுக்கு அழிவில்லை, கூலி மட்டுமே செலவு. சவ்வைச் சுரண்ட முடியாது. ஆகவே அப்படலம் சவ்வின் மேல் வளர்வதற்கு முன்னமே மணலின் மேல் வளரச்செய்து, அங்கே நீரிலுள்ள ஆகாரத்தைத் தீர்த்துவிடுவது புத்திசாலித்தனம். இடம் தாராளமாயுள்ள கிராமத்திற்கு மெல்லிய மணற்படுகை மிகவும் ஏற்றது என்பது என் துணிபு. நகரத்தில் நிலம் அருமை. கிராமத்தில் ஆள் மேற்பார்வை அருமை. மணற்படுகை நிலத்தைக் கேட்கும், மேற்பார்வையை அதிகம் கேட்காது.

பாலவாக்கத்து மக்கள் குடிக்கும் நீரில் ஒரு பகுதி, அவ்வூருக்குத் தெற்கே மாமல்லபுரம் சாலையிலுள்ள நெம்மேலி நிலையத்தில் கடல்நீரிலிருந்து எடுக்கப்படுகிறது. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010-இலும், நெம்மேலியில் 2013-இலும், நாளொன்றுக்குத் தலைக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரும் நிலையங்கள் திறக்கப்பட்டன. நெம்மேலியிலேயே நாளொன்றுக்குப் பதினைந்து கோடி லிட்டரில் மற்றொன்று 2024-இல் திறக்கப்பட்டது. அருகிலுள்ள பேரூரில் நாற்பது கோடி லிட்டருக்குத் திட்டமிட்ட நிலையத்திற்கு 2023-இல் அடிக்கல் நாட்டினர். இவ்வளவு பெரிய நிலையங்களில் உப்பு ஒரு பிரச்னையே அன்று. கடலின் உப்பு வருஷம் முழுதும் பெரும்பாலும் ஒரே அளவு. வடகிழக்குப் பருவக் காற்றில் கடல் கலங்கி மண் மிகும்போதுதான் சங்கடம் ஏற்பட்டு, நீர் உற்பத்தி குறைய நேர்ந்திருக்கிறது. அங்கு முதலிற் கட்டிய நிலையத்தில், உப்பு நீக்கும் சவ்வுக்கு முன், துளை சற்றுப் பெரிய வேறொரு சவ்வாகிய அல்ட்ரா பில்ட்ரேஷன் வைக்கப்பட்டது. பின்னர் வந்தவற்றில், நுண்ணிய காற்றுக் குமிழிகளை அடியிலிருந்து விட்டுப் பாசியையும் எண்ணெயையும் நுரையோடு மேலே மிதக்கச் செய்து வழித்தெடுக்கும் முறையையும் சேர்த்தனர். வெண்ணெய் கடைவதைப் பார்த்தவர்க்கு இது புரியும்.

பாசிக்கென்று ஏன் தனி ஏற்பாடு? 2008, 2009-ஆம் வருஷங்களில் பாரசீக வளைகுடாவிலும் ஓமான் கடலிலும் செம்பாசி பெருகி, கடல்நீரை நன்னீராக்கும் பல நிலையங்களை நாட்கணக்கில் நிறுத்தும்படி செய்தது. நம் கடலும் இதற்கு விலக்கன்று. 2019 ஆகஸ்டில் ஓர் இரவு சென்னைக் கடற்கரை அலைகள் நீல ஒளி வீசியதை நம்மிற் பலர் நேரிற் சென்று வியந்தோம். அவ்வொளியைத் தந்தது நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர். அது மிகுந்து மடியும்போது நீரிற் பசையும் அழுகலும் சேரும். கரையில் நின்றவர்க்கு அது வேடிக்கை. வடிகட்டி நிலையத்தில் இரவுக் காவலிலிருந்தவர்க்கு வேடிக்கையாயிருந்திருக்காது.

கிராம இயந்திரத்திற்கு வருவோம். கெடுதல் பெரும்பாலும் பேராசையால் விளைகிறது. ஆயிரம் லிட்டர் உவர்நீரில் ஐந்நூறு லிட்டர் நன்னீராக வந்தால், மிஞ்சிய ஐந்நூறில் உப்பும் சுண்ணாம்பும் இரட்டிப்பாகும். எழுநூற்றைம்பது எடுத்தால் நான்கு மடங்காகும். எண்ணூறு எடுத்தால் ஐந்து மடங்கு. சுண்ணாம்பு நீரிற் கரைந்து நிற்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை கடந்தவுடன் சவ்வின் கடைப்பகுதியிற் பொருக்காகப் படியும். விற்பவர் தம் இயந்திரம் நீரை வீணாக்குவதில்லை என்று காட்டவும், ஊரார் கழிவுநீர் வீணாகிறதே என்ற ஆதங்கத்தாலும், வெளியேறும் வால்வை இறுக்கி விடுகிறார்கள். அன்றைக்கு நீர் அதிகம் வரும். ஆறு மாதத்தில் சவ்வு சுண்ணாம்புக் கல்லாகும். கழிவுநீர் வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தலைவர் தம் பெட்டியில் வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை என்பேன். அவ்வாறே, ஒரு மணிக்கு இவ்வளவே என்று குறித்த அளவுக்கு மேல் பம்பை முடுக்கி உறிஞ்சினால், அழுக்கெல்லாம் சவ்வின் முகத்தில் அழுந்தி இறுகும். சற்றுக் குறைவாக எடுத்தால் அது மேலோட்டத்தோடு கழன்று போய்விடும். இரண்டு சவ்வுக்குழல் போதுமென்ற இடத்தில் மூன்று போட்டு மூன்றையும் மெதுவாக ஓட்டுவது, முதலில் செலவு, பிறகு இலாபம்.

மற்றொன்று, நிறுத்தி வைத்தல். கரண்டு போனால் இயந்திரம் நின்று, நான்கு மடங்கு செறிந்த உவர்நீர் சவ்வின்மேல் அப்படியே தேங்கும். ஓட்டமில்லாத அச்சமயமே பொருக்குக்கும் வழும்புக்கும் வசதி. நிறுத்தும்போதெல்லாம் நன்னீரைச் சில நிமிஷம் விட்டு அலசிவிடும் ஏற்பாடு சிறிய செலவில் அமையும். பள்ளிக்கூடத்து இயந்திரம் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் சும்மா இருக்குமாயின், நூற்றுக்கு ஒரு பங்கு சோடியம் பைசல்பைட் கரைத்த நீரில் சவ்வை ஊறவைக்க வேண்டும். ஜூன் மாதத்திற் கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்கும்படியான நாற்றம் வந்தால் இது செய்யப்படவில்லை என்று அறியலாம்.

நீர் சவ்வுக்குத் தகுதியானதா என்பதை வாங்குமுன் அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. 47 மில்லி மீட்டர் அகலமும் 0.45 மைக்ரான் துளையுமுள்ள வட்டத் தாளின் வழியாக, சதுர அங்குலத்திற்கு முப்பது பவுண்டு அழுத்தத்தில் நீரை விட்டு, அரை லிட்டர் வடிய எத்தனை வினாடி ஆகிறதென்று பார்ப்பது. நீரை நிறுத்தாமலே விட்டுவிட்டு, கால் மணி கழித்து மறுபடி அரை லிட்டருக்கு நேரம் பார்ப்பது. முதலில் முப்பது வினாடியும் பிறகு அறுபது வினாடியும் ஆனால், தாள் பாதி அடைத்தது என்று பொருள். அடைத்த நூற்றுவீதம் ஐம்பதை, கழிந்த நிமிஷம் பதினைந்தால் வகுக்க, மூன்றேகால் சொச்சம் வரும். இவ்வெண் மூன்றுக்குக் கீழிருந்தால் நன்று. ஐந்து வரை சகிக்கலாம். ஐந்துக்கு மேற்பட்டால் அந்நீரைச் சவ்வுக்கு விடலாகாது, முன்வடிகட்டல் போதவில்லை. டெண்டர் பத்திரங்களில் இயந்திரத்தின் நிறமும் தகட்டின் கனமும் கூடக் குறிக்கப்படுகின்றன. இந்த எண்ணைக் குறித்த பத்திரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

வைத்த பின்போ, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். நாள்தோறும் நன்னீர் எவ்வளவு, கழிவுநீர் எவ்வளவு, நுழையும் அழுத்தம், வெளியேறும் அழுத்தம், நன்னீரின் உப்பு அளவு, நீரின் சூடு ஆகியவற்றை எழுத ஐந்து நிமிஷமே ஆகும். நன்னீர் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் நூற்றுக்குப் பதினைந்து கூடினாலும் உடனே கழுவவேண்டும். பாதியாகக் குறையும் வரையிற் பொறுத்திருந்தவர்கள் கழுவிப் பயனில்லை. இறுகிய அழுக்கு மருந்துக்கு இளகாது. சூட்டை எழுதச் சொன்னதற்குக் காரணம், நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் வரத்து நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று குறையும். மார்கழிக் குளிரை அடைப்பென்று மயங்கி மருந்தை வீணாக்கலாகாது. கழுவுவதிலும் முறையுண்டு. முகப்பில் வழும்பாயின் முதலிற் காரம் விட்டுச் சுற்றவிட்டு ஊறவைத்து, பிறகே அமிலம். முதலில் அமிலம் பட்டால் வழும்பு பால் திரிவது போலக் கெட்டிப்பட்டுவிடும். வெறும் துருவும் சுண்ணாம்புமாயின், நூற்றுக்கு இரண்டு பங்கு சிட்ரிக் அமிலமே போதும். எத்தனை காரம், எவ்வளவு சூடு என்பதற்குச் சவ்வைச் செய்தவர் தந்த குறிப்பை மீறலாகாது.

இத்தனை தொந்தரவும் ஏன், சவ்வேயில்லாத வழியில்லையா என்பார் உண்டு. உண்டுதான். பாலவாக்கத்துக்கு அருகே பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார், லட்சத்தீவுகளின் கவரத்தியில் 2005-ஆம் வருஷத்திலேயே, மேற்கடலின் வெந்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி ஆழ்கடலின் குளிர்நீரால் குளிரச்செய்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் எடுத்துக் காட்டினர். கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே ஆழ்கடல் கிடைக்கும் தீவுக்கு அது பொருந்தும். நம் கரைக்கும் உள்நாட்டுக் கிணற்றுக்கும் பொருந்தாது. ஆகவே சவ்வைக் காப்பாற்றுவதைத் தவிர நமக்கு வேறு மார்க்கமில்லை.

கடற்கரையை விட்டு மேற்கே சென்றால், ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றுகூட வாங்காத குடியானவரின் நிலமும் இந்தச் சவ்வை நம்பியிருப்பதைக் காணலாம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலாற்றில் விழுந்து, பாசனத்திற்கென 1992-இற் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்க் குட்டையானது. கிணறுகள் கெட்டன, தென்னையும் மஞ்சளும் போயின. நொய்யலாற்று ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் அமைத்து வழக்காடி, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாடு செய்யும் வரை சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற்றனர். அவ்வேற்பாட்டின் நடுநாயகம் இதே சவ்வுதான். சாயநீரை நுண்ணுயிர்களால் செரிக்கச் செய்து, வடித்து, சவ்வில் அழுத்தி நன்னீரைப் பட்டறைக்கே திருப்பி, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைப்பார்கள். சாயமும் பஞ்சுக் கஞ்சியும் கலந்த அந்நீர் சவ்வை அடைப்பது கிணற்று நீரைவிடப் பன்மடங்கு. அடைத்தால் தேங்கும் நீர் எங்கே போகும்? நிலையத்தில் தொட்டிகள் நிறைந்த பின் இரவில் மதகு திறக்கும் ஆசை யாருக்கும் வரும். ஆகவே அப்பக்கத்து ஆயக்கட்டுதாரர்கள் ஆற்று நீரின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், நிலையங்களின் சவ்வுகள் எப்போது கழுவப்பட்டன, எப்போது மாற்றப்பட்டன, நாளொன்றுக்கு எவ்வளவு நீர் திரும்பியது என்ற கணக்கையும் கேட்டுப் பெறவேண்டும் என்பது என் விண்ணப்பம். ஆற்றில் நிறம் தெரிவது கடைசி அறிகுறி. கணக்கிற் குறைவு தெரிவது முதல் அறிகுறி.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் சொல்லவேண்டியது இன்னும் சிறிது. புதிய இயந்திரம் வேண்டுமென்று தீர்மானம் போடுமுன், பழைய கிணற்றின் நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, உப்பைத் தவிர இரும்பு, சுண்ணாம்பு, சிலிக்கா ஆகியவற்றின் அளவையும் வாங்குங்கள். வடித்த நீரை மேற்சொன்ன கால் மணிப் பரீட்சைக்கு உட்படுத்தி, அவ்வெண்ணையும் தீர்மானத்திற் சேருங்கள். ஒப்பந்தத்தில், சவ்வு மாற்றும் செலவையும் கழுவும் மருந்தையும் மூன்று வருஷத்திற்குச் சேர்த்தே விலை கேளுங்கள். அவ்வாறு கேட்டால் முன்வடிகட்டியைக் கூடாதென்று சொல்லும் வியாபாரி தாமே அதை வைக்கச் சொல்வார். மேற்பார்வைக்கு உள்ளூரிலேயே ஒருவரை அமர்த்தி, கழுவும் வித்தையை அவருக்கு இரண்டு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து மெக்கானிக் வரும் வரையிற் காத்திருக்கும் இயந்திரம் அடைத்தே போகும். மருந்து கலந்த கழுவுநீரையும் நாள்தோறும் வரும் கழிவுநீரையும் கிணற்றருகே விடாதீர்கள். அது திரும்பவும் அதே கிணற்றில் இறங்கி, அடுத்த வருஷம் அதே சவ்வுக்கு வரும்.

ஐப்பசி மழை தொடங்குமுன் மணல் வடிகட்டியைப் பிரித்து, மணலைக் கழுவி, கார்ட்ரிட்ஜ்களைப் புதிதாக மாட்டிவைப்பது நல்லது. முதல் இரண்டு மழைக்குக் கிணறு கலங்கியிருக்கும் நாட்களில் இயந்திரத்தை ஓட்டாமலிருக்கவும். அந்நாட்களில் கூரைகளிலிருந்து இறங்கும் மழைநீரைத் தொட்டிகளிற் பிடித்துக் காய்ச்சிக் குடிக்கலாம்.